இருண்மையும் அலுவலகமும்: காஃப்காவின் ‘கோட்டை’ வாசிக்கப்பட்ட வரலாறு

இந்தப் பத்தாண்டுகளில் நம் வட்டத்தின் கூட்டங்களில் அடிக்கடி வாதத்துக்கு வந்த சொல் ஒன்று உண்டென்றால் அது ‘இருண்மை’ என்பதாகும். புரியாத கவிதை கவிதையா என்று ஒரு சாராரும், உடனே புரிந்துவிட்டால் அது கவிதையா என்று மறு சாராரும் மாறி மாறி வினவியிருக்கிறோம். கவிதையின் இருண்மை பெரும்பாலும் சொற்சுருக்கத்தால் வருவது. விடுபட்டதை நிரப்பிக்கொண்டால் பொருள் தெளிந்துவிடும். உரைநடையில் வேறொரு வகை இருண்மை உண்டு. அதில் ஒவ்வொரு வாக்கியமும் பளிங்குபோல் தெளிவாக இருக்கும். எழுவாய், பயனிலை எதுவும் ஒளிந்திராது. ஆனால் பக்கங்கள் புரளப் புரள நாம் எங்கே நிற்கிறோம் என்பதே தெரியாமற் போய்விடும். இவ்வகைக்குத் தலையாய சான்று, பிராக் நகரத்து ஜெர்மன் மொழி எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்கா (1883-1924) தம் இறுதி ஆண்டுகளில் எழுதி, முடிக்காமலே விட்டுச் சென்ற ‘கோட்டை’ என்னும் புதினம்.

இப்புதினம் முதலில் அச்சேறியது 1926இல். அன்று தொட்டு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக இதற்கு எழுதப்பட்ட உரைகள் ஒரு நூலகத்தை நிரப்பும். அவ்வுரைகளின் வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால் ஒன்று விளங்குகிறது. இருண்டது என்று வாசகர் கருதிய இடம் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கிறது. உள்ளுறை தேடிச் சென்றவர்கள் கண்முன் கிடந்த வெளிப்பொருளை நெடுங்காலம் தாண்டித் தாண்டியே நடந்திருக்கிறார்கள். அந்த வெளிப்பொருள் ஓர் அலுவலகம். வேலை கேட்டு வந்த ஒருவன். வேலை தரவோ மறுக்கவோ இயலாத ஒரு நிர்வாகம். கதை இதுதான்.

வாசித்திராதவர்களுக்காகச் சுருக்கமாகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கடும் பனிக்காலத்தில் ஓர் இரவு, கே என்ற ஓரெழுத்துப் பெயருடையவன் ஒரு சிற்றூரை வந்தடைகிறான். ஊருக்கு மேலே குன்றில் வெஸ்ட்வெஸ்ட் என்னும் பிரபுவின் கோட்டை இருக்கிறது. ஆனால் மூடுபனியில் அது கண்ணுக்குத் தெரியவில்லை. விடுதியில் படுத்துறங்கியவனை எழுப்பி, அனுமதியின்றி இங்குத் தங்கக்கூடாது என்கிறார்கள். தான் கோட்டையால் அழைக்கப்பட்ட நில அளவையாளன் என்று அவன் கூறுகிறான். தொலைபேசியில் கேட்கிறார்கள். அப்படி யாரும் இல்லை என்று முதலில் விடை வருகிறது. சிறிது நேரத்தில் மணி மறுபடியும் ஒலிக்கிறது. ஆம், நில அளவையாளர்தாம் என்று திருத்தம் வருகிறது. கேக்கு அப்போது மகிழ்ச்சி உண்டாகவில்லை என்பதே வியப்பு. கோட்டை தன்னை அறிந்து வைத்திருக்கிறது, எடைபோட்டும் விட்டது, போராட்டத்தைப் புன்னகையோடு ஏற்றுக்கொண்டது என்று அவன் எண்ணுகிறான். அவன் உண்மையிலேயே அழைக்கப்பட்டானா, விடுதியில் ஓர் இரவு தங்குவதற்காக வாயில் வந்ததைச் சொன்னானா என்பது கடைசிவரை தெரிவதில்லை. ஏறத்தாழ ஆறு நாள் நிகழ்ச்சிகளே நூல் முழுவதும். கோட்டைக்குள் அவன் காலடி படுவதே இல்லை.

‘நில அளவையாளர்’ என்பதற்குரிய ஜெர்மன் சொல்லில் ஒரு நயம் உண்டு. அளத்தலைக் குறிக்கும் அவ்வினையே தவறாக அளத்தலையும், தன் அளவு மீறித் துணிதலையும் குறிக்கவல்லது. ‘கோட்டை’ என்பதற்கு அவர் ஆண்ட சொல்லுக்குப் பூட்டு என்றும் பொருள். சிலேடையில் ஊறிய நம் புலவர்கள் இவ்விரண்டையும் வைத்தே ஒரு காவியம் செய்திருப்பார்கள். காஃப்கா அவற்றைத் தொட்டதாகவே காட்டிக்கொள்வதில்லை.

புதினத்தின் உயிர்நிலை என்று நான் கருதுவது, கே ஊர்த்தலைவரைச் சந்திக்கும் இயல். க்ளாம் என்னும் உயரதிகாரியிடமிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது: தாங்கள் அறிந்தவாறு தங்களைப் பணியில் சேர்த்துக்கொண்டோம், தங்கள் நேர் மேலதிகாரி ஊர்த்தலைவரே என்னும் கருத்துடையது. ஊர்த்தலைவரோ கீல்வாதத்தோடு படுக்கையில் கிடக்கிறார். இனிய மனிதர். எங்களுக்கு நில அளவையாளர் தேவையே இல்லை என்று மென்மையாகச் சொல்லிவிட்டுக் காரணத்தை விளக்குகிறார். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு துறையிலிருந்து நில அளவையாளரை அமர்த்தும் ஆணை ஒன்று வந்தது. தேவையில்லை என்று ஊரார் விடை எழுதினார்கள். அவ்விடை தவறி வேறு துறைக்குப் போய்விட்டது. அதுவும் வெற்று உறையாகப் போய்ச் சேர்ந்தது. அங்கே சோர்டினி என்றோர் அதிகாரி. கடமையே உருவானவர். எதையும் நம்பாதவர். அவர் அறையின் சுவர்களை ஒட்டிக் கோப்புகள் தூண் தூணாக அடுக்கப்பட்டிருக்கும். ஓயாமல் உருவுவதும் செருகுவதுமாக இருப்பதால் அத்தூண்கள் சரிந்து விழுந்துகொண்டே இருக்கும். அச்சரிவோசையே அவர் அறையின் அடையாளம். வெற்று உறை அவருக்கு ஐயத்தை எழுப்பியது. கடிதப் போக்குவரத்து ஆண்டுக்கணக்கில் நீண்டது. இதற்கிடையே அந்த ஆணையைத் தேடி ஊர்த்தலைவரின் மனைவி அலமாரியைத் திறக்கிறாள். கட்டுக் கட்டாகக் காகிதங்கள் அறையெங்கும் பரவுகின்றன. ஆணை அகப்படவில்லை. திரும்ப அடுக்கவும் முடியவில்லை. முடிவில் அலமாரியைத் தரையில் கிடத்தி, எல்லாவற்றையும் உள்ளே திணித்து, கதவின்மேல் உட்கார்ந்து மூடுகிறார்கள்.

இதைக் கனவுக்காட்சி என்பார் உளர். எந்த வட்டாட்சியர் அலுவலகத்தின் ஆவண அறையையும் ஒருமுறை எட்டிப் பார்த்தவர் கனவு என்று சொல்ல மாட்டார்.

க்ளாமின் இரண்டாம் கடிதம் இன்னும் கூர்மையானது. நில அளவைப் பணியில் தாங்கள் இதுவரை ஆற்றியவை எமக்கு நிறைவளிக்கின்றன. உதவியாளர்களின் உழைப்பும் பாராட்டத்தக்கது என்னும் பொருள்பட வருகிறது. கே அதுவரை ஒரு சாண் நிலம்கூட அளந்தவனல்லன். உதவியாளர்களோ அளவைக் கருவிகள் இல்லாமல் வந்தவர்கள், அத்தொழில் அறியாதவர்கள். வேலை இல்லை, ஆனால் வேலையைப் பற்றிய நற்சான்று உண்டு. இடையில் அவனுக்குக் கிடைக்கும் ஒரே பணி, பள்ளிக்கூடக் காவலாள் பணி. வகுப்பறையிலேயே படுக்கை, ஆசிரியரின் ஏச்சு, குளிருக்கு விறகில்லாத இரவு. அப்பணியிலிருந்து ஆசிரியர் அவனை நீக்கும்போது, நீக்கத்தை ஏற்க முடியாது என்று கே மறுத்துவிடுகிறான். வேலையில் சேர்ந்ததும் தெளிவில்லை, விலக்கப்பட்டதும் தெளிவில்லை.

இவ்வாறெல்லாம் எழுதியவர் யார்? வாழ்க்கையினின்றும் ஒதுங்கிய, நோயாளியான, கனவு காணும் இளைஞர் என்றொரு சித்திரம் நெடுங்காலம் வழங்கி வந்தது. காஃப்கா 1906இல் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1907 அக்டோபரில் ஓர் இத்தாலியக் காப்பீட்டு நிறுவனத்தின் பிராக் கிளையில் சேர்ந்து சில மாதங்களே இருந்தார். 1908 ஜூலை இறுதியில், பொகீமியா அரசுப் பகுதிக்கான தொழிலாளர் விபத்துக் காப்பீட்டுக் கழகத்தில் நுழைந்தார். 1922 வரை அங்கேயே பணியாற்றினார். ஆஸ்திரியப் பேரரசின் 1887ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கழகம் அது. தொழிற்சாலைகளை அவற்றின் ஆபத்துக்கேற்ப வகுப்புகளாகப் பிரிப்பது, அவ்வகுப்புக்கேற்பக் கட்டணம் விதிப்பது, குறைத்துக் காட்டும் முதலாளிகளின் முறையீடுகளுக்கு விடை எழுதுவது ஆகியன அவர் அன்றாடம். வட பொகீமியாவின் தொழில் நகரங்களுக்கு அலுவற்பயணம் போனார். அவற்றுள் ஃபிரீட்லாண்ட் என்னும் ஊரில், 1911இல், குன்றின்மேல் ஒரு கோட்டையைக் கண்டிருக்கிறார் என்பது பிற்கால ஆய்வாளருக்கு இனிய செய்தி. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது மர இழைப்பு இயந்திரம் பற்றி அவர் எழுதிய அறிக்கை.

கழகத்தின் 1909ஆம் ஆண்டு அறிக்கைக்காக எழுதப்பட்டது அது. இழைப்பு இயந்திரத்தின் கத்திகள் அக்காலத்தில் சதுரத் தண்டில் பொருத்தப்பட்டிருந்தன. தண்டு சதுரமாகையால், சுழலும்போது அதற்கும் மேசைத் தட்டுக்கும் நடுவே அகன்ற இடைவெளி விழும். மரம் சற்றுத் துள்ளினாலும் தச்சனின் கை அதற்குள் போய்விடும், விரற்கணுக்கள் துண்டாகும். உருளைத் தண்டைப் பயன்படுத்தினால் இடைவெளி மிகக் குறுகும், கை தப்பும், செலவும் கூடாது என்று காஃப்கா படங்களோடு விளக்குகிறார். கணுக்கள் போன கைகளின் படங்களும் அதில் உள்ளன. உணர்ச்சிச் சொல் எதுவுமில்லாத நடை. இடைவெளியின் அளவு, கத்தியின் நிலை, விரலின் கதி. ‘கோட்டை’யின் நடையும் இதே நடைதான் என்று இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர் உணர்வர். முதல் உலகப்போர்க் காலத்தில் போரில் நரம்புத் தளர்ச்சியுற்ற வீரர்களுக்கு மருத்துவமனை அமைக்கும் பணியும் இதே அதிகாரியின் மேசைக்கு வந்தது.

1918இல் பேரரசு வீழ்ந்து செக்கோஸ்லோவாக்கியா பிறந்தது. கழகத்தின் ஆட்சிமொழி ஜெர்மனிலிருந்து செக்குக்கு மாறியது. ஜெர்மானிய அதிகாரிகள் பலர் விலக, செக் மொழி அறிந்த காஃப்கா நிலைத்தார். அதற்குள் 1917இல் காசநோய் வெளிப்பட்டு நீண்ட விடுப்புகள் தொடங்கிவிட்டன. 1922 ஜனவரி 27 அன்று ஷ்பிண்டல்முய்லெ என்னும் மலையூருக்கு ஓய்வுக்காகச் செல்கிறார். விடுதியில் அவர் பெயரைத் தெளிவாகத் தெரிவித்திருந்தும் பதிவேட்டில் அவரை ‘யோசெஃப் கே’ என்று எழுதிவைத்திருந்தார்களாம். தம் ‘விசாரணை’ நாவலின் தலைவன் பெயர் அது என்பதைக் குறித்து நாட்குறிப்பில் அவர் நகைத்துக்கொள்கிறார். பனி மூடிய அக்காலத்தில்தான் ‘கோட்டை’யை எழுதத் தொடங்கினார். அதே பிப்ரவரியில் கழகம் அவரை மூத்த செயலராகப் பதவி உயர்த்தியது. ஜூலை 1 முதல் பணி ஓய்வு வழங்கியது. ஆகஸ்டு முடிவதற்குள் புதினத்தை எழுதுவதை அவர் நிறுத்திவிட்டார். செயலர்களால் நிரம்பிய ஒரு நாவலை, விடுப்பிலிருக்கும் ஒரு செயலர், தம் ஓய்வூதிய விண்ணப்பம் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்த மாதங்களில் எழுதியிருக்கிறார். பதினான்கு ஆண்டுகள் விண்ணப்பங்களுக்கு விடை எழுதியவர் இப்போது விண்ணப்பதாரர். மேசையின் இரு பக்கமும் அமர்ந்தவர் எழுதிய நூல் இது.

இனி உரைகளின் வரலாற்றுக்கு வருவோம். முதல் உரையாசிரியர் மாக்ஸ் பிராட். காஃப்காவின் நண்பர், கைப்படிகளை எரித்துவிடுமாறு நண்பர் கேட்டுக்கொண்டதை ஏற்காமல் உலகுக்குத் தந்தவர். இவருக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆனால் இவர் மூனிக் நகரில் குர்ட் வோல்ஃப் பதிப்பகம் வழியாக 1926இல் வெளியிட்ட முதற்பதிப்பில் கைப்படியின் இறுதிப் பகுதி, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, விடுபட்டிருந்தது. முடிவற்ற நூலுக்கு ஒரு முடிவுபோல் தோன்றவேண்டும் என்பது அவர் கருத்தாக இருந்திருக்கலாம். பின்னுரையில் ஒரு திறவுகோலும் தந்தார். கோட்டை என்பது இறையருள். ‘விசாரணை’ இறைநீதியைச் சொன்னதென்றால் இது அருளைச் சொல்வது. வந்தவன் அருளை நாடி அலையும் ஆன்மா. இறைவனின் அருள் நமக்கு விளங்காத வழிகளில் இயங்கும் என்பதே பொருள்.

நம் நாட்டு வாசகருக்கு இவ்வுரை எளிதில் ஒத்துவரும். பாசுரங்களில் பழகிய மனத்துக்கு எட்டாத கோயிலும் ஏங்கும் அடியவனும் புதியவை அல்ல. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்றொரு பழமொழியும் நம்மிடம் உண்டு. இந்நாவலில் சாமி எங்குமே இல்லை. வெஸ்ட்வெஸ்ட் பிரபு ஒருமுறைகூடத் தோன்றுவதில்லை. தொடக்கம் முதல் இறுதி வரை பூசாரிகளே.

1930இல் எட்வின் மியூர், வில்லா மியூர் தம்பதியர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது பிராடின் வழியே சென்றனர். ஜான் பன்யனின் சமயப் பயணக் கதையோடு இதை ஒப்பிட்டு முன்னுரை எழுதினார் எட்வின் மியூர். ஆங்கிலம் வழியாகக் காஃப்காவை அறிந்த உலகம் முழுவதும், நாம் உட்பட, இந்த முன்னுரையின் நிழலிலேயே வாசிக்கத் தொடங்கியது. (‘விசாரணை’ அவ்வகையில் தமிழுக்கு நற்பேறு செய்தது, ஏ.வி. தனுஷ்கோடி அதனை ஜெர்மனிலிருந்து நேரே மொழிபெயர்க்க, க்ரியா வெளியிட்டது.) முதற்பதிப்பு விட்டுவிட்ட பகுதியில் இருந்தது என்ன என்பதைப் பார்த்தால் இதன் விளைவு புரியும். அதிகாலையில் விடுதி நடைக்கூடத்தில் கோப்புகள் பகிர்ந்தளிக்கப்படும் காட்சி அதில்தான் வருகிறது. ஒரு பணியாள் சிறு வண்டியில் கோப்புகளைத் தள்ளிக்கொண்டு வருகிறான். கதவுகள் திறக்கின்றன, அடிக்கின்றன. தமக்குக் குறைந்துவிட்டது என்று சில அதிகாரிகள் குழந்தைகள்போல் கூச்சலிடுகிறார்கள். தவறி வந்ததைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். எல்லாம் முடிந்தபின் ஒரேயொரு துண்டுச்சீட்டு எஞ்சுகிறது. பணியாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதைக் கிழித்துப் பையில் போட்டுக்கொள்கிறான். அது தன் கோப்பாக இருக்கக்கூடும் என்று கே நினைக்கிறான். அவ்வளவே. அலுவலகத்தை இவ்வளவு அருகில் சென்று காட்டிய காட்சி இல்லாமல் முதல் தலைமுறை இந்நூலைப் படித்தது. அவர்களுக்கு அருளும் ஆன்மாவும் தோன்றியதில் வியப்பில்லை. 1935இல் பெர்லினின் ஷாக்கன் பதிப்பகத்தில் பிராடே விடுபட்டவற்றைச் சேர்த்து மீண்டும் பதிப்பித்தார். அவ்வாண்டிலேயே நாஜி அரசு காஃப்காவின் நூல்களைத் தடை செய்தது.

திறவுகோலை முதலில் கேள்விக்குட்படுத்தியவர் வால்டர் பெஞ்சமின். காஃப்கா மறைந்த பத்தாம் ஆண்டில், 1934இல், எழுதிய கட்டுரையில் சமய உரையும் உளப்பகுப்பாய்வு உரையும் ஒருங்கே நூலைத் தவறவிடுகின்றன என்று சுட்டினார். அலுவலகங்களும் பழகிப் புளித்த இருட்டறைகளுமே காஃப்காவின் உலகம் என்பது அவர் முடிவு. கேட்பார் அப்போது இல்லை. 1939 மார்ச்சில் ஜெர்மன் படைகள் பிராகில் நுழைவதற்குச் சில மணி நேரம் முன்னர், கைப்படிகள் அடங்கிய பெட்டியுடன் பிராட் ரயிலேறினார். காஃப்காவின் மூன்று தங்கையரும் தப்பவில்லை. எல்லியும் வல்லியும் 1941இல் லோட்ஸ் சேரிக்குக் கொண்டுபோகப்பட்டனர். ஒட்லா 1943 அக்டோபரில், ஆதரவற்ற குழந்தைகளுக்குத் துணையாகத் தாமே முன்வந்து சென்று, ஆஷ்விட்ஸில் மடிந்தார். பட்டியல், முத்திரை, பதிவெண், ரயில் நேரம் எனக் கோப்புகளால் நடத்தப்பட்ட கொலை அது. காஃப்கா அதை முன்னறிந்தார் என்று பலரும் எழுதினார்கள். இவ்வாறு தீர்க்கதரிசி ஆக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. 1922இல் இருந்ததையே அவர் எழுதினார்.

போர்க்காலத்தில் பிரான்சிலிருந்து காமு எழுதிய அபத்தவாத உரை புகழ்பெற்றது. நம் சிற்றிதழ்களிலும் போதுமான அளவு பேசப்பட்டது. அதைவிடக் குறைவாகப் பேசப்பட்டதும் கூடுதலாகப் பேசப்பட்டிருக்க வேண்டியதும் ஹன்னா ஆரெண்ட் 1944இல் எழுதிய கட்டுரை. நாடற்ற அகதியாக நியூயார்க்கில் இருந்த அவர் சொன்னது எளிமையானது. கே கேட்பவை வீடு, வேலை, குடும்பம், ஊருறுப்பு ஆகியன மட்டுமே. இவை மனிதனுக்குரிய உரிமைகள். ஊராரோ இவற்றையெல்லாம் கோட்டையின் தயவால் மட்டுமே பெற்றுப் பழகியவர்கள். உரிமையாகக் கேட்பவன் அவர்கள் கண்ணுக்கு விந்தை மனிதனாகத் தெரிகிறான். குழப்பம் நூலில் இல்லை. தயவை இயற்கை நியதி என்று எண்ணும் பழக்கத்தில் இருக்கிறது. அகதி ஒருவர் படித்ததால்தான் இது தெரிந்தது எனலாம். அனுமதிச் சீட்டுக்காக வரிசையில் நின்றவருக்கு ஆன்மாவின் உருவகம் தேவைப்படவில்லை.

அடுத்த திருப்பம் மீண்டும் பிராகின் அருகே. 1963 மே மாதத்தில் லிப்லிட்ஸே என்னுமிடத்தில் காஃப்காவைப் பற்றிய மாநாடு ஒன்று கூடியது. அறிவியற் கழகத்துக்குச் சொந்தமான ஒரு பழைய பிரபுத்துவ மாளிகையில், அதாவது ஒரு கோட்டையிலேயே அது நடந்தது என்பது வரலாற்றின் சிறு குறும்பு. கூட்டியவர்களுள் முதன்மையானவர் எட்வர்ட் கோல்ட்ஷ்டூக்கர். பழைய கம்யூனிஸ்டு, 1951இல் சொந்தக் கட்சியின் அரசாலேயே பொய்க் குற்றச்சாட்டில் கைதாகி, ஆயுள் தண்டனை பெற்று, 1955இல் விடுதலையானவர். குற்றம் இன்னதென்று அறியாமல் விசாரிக்கப்பட்ட நாவலைப் பற்றிப் பேச அவரினும் தகுதியுடையார் யார்? ‘கோட்டை’க்கு அவர் தந்த உரை புதியது. நிலத்தை மறுபடி அளப்பது என்பது உடைமையை மறுபடி பகிர்வது. ஆகவே நில அளவையாளன் புரட்சியாளன், அவனைக் கண்டு கோட்டையும் ஊரும் அஞ்சுவது அதனாலேயே என்றார். உரை சற்று வலிந்தது என்பதே என் கருத்து. கேயின் கையில் அளவைச் சங்கிலி இருந்ததாகவே தெரியவில்லையே!

மாநாட்டின் உயிரான வாதம் வேறு. தொழிலாளி தன் உழைப்புக்கு அந்நியனாவது முதலாளித்துவத்தின் நோய் மட்டும்தானா, சோஷலிச நாட்டிலும் அது உண்டா? ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் ஃபிஷரும் பிரான்சின் ரோஜே கரோதியும், காஃப்கா இன்றைக்கும் நமக்குரியவர் என்றனர். கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள், அவர் காலம் முடிந்துவிட்டது என்றனர். ஒரு நாவல் புரிகிறது என்று ஒப்புக்கொள்வதே அரசியலாகிவிட்ட நேரம். புரிகிறது என்றால் நம் நாட்டு அலுவலகமும் அப்படித்தான் என்று பொருள். ஆகவே புரியவில்லை என்பதே பாதுகாப்பான விடை. 1968 ஆகஸ்டில் வார்சா ஒப்பந்தப் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவில் புகுந்தபின் லிப்லிட்ஸே மாநாடு எதிர்ப்புரட்சியின் வித்து என்று பழிக்கப்பட்டது. எழுத்தாளர் சங்கத் தலைவராக இருந்த கோல்ட்ஷ்டூக்கர் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தார். காஃப்கா தம் சொந்த நகரத்தில் மறுபடியும் இருபது ஆண்டுகள் பேசப்படாதவரானார்.

கைப்படியோ 1961இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் போட்லியன் நூலகத்தை அடைந்திருந்தது. மால்கம் பாஸ்லி அதனை ஆராய்ந்து 1982இல் செம்பதிப்பு வெளியிட்டார். பதிப்பு வரலாற்றின் அருமையை உ.வே.சா. வழிவந்த நமக்கு விளக்க வேண்டுவதில்லை. பிராட் வகுத்த இயல் பிரிவுகள் திருத்தப்பட்டன. ஒரு வியப்பும் வெளிப்பட்டது. காஃப்கா இந்நாவலை முதலில் தன்மையிடத்தில், ‘நான்’ என்றே எழுதத் தொடங்கியிருக்கிறார். மூன்றாம் இயல் அளவில் மனம் மாறி, பின்னோக்கிச் சென்று ஒவ்வொரு ‘நான்’ஐயும் அடித்து ‘கே’ என்று எழுதியிருக்கிறார். நான் என்பது ஓரெழுத்தாகச் சுருங்கியது எப்படி என்று கவிஞர்கள் எண்ணிப் பார்க்கலாம். எனக்கோ அது கடிதத்திலிருந்து கோப்புக்கு மாறுவதாகத் தோன்றுகிறது. கோப்பில் ‘நான்’ இல்லை, மனுதாரர் மட்டுமே உண்டு. (பிராடிடம் எஞ்சியிருந்த வேறு கைப்படிகளுக்காக இஸ்ரேலில் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்து, 2016இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், 2019இல் சூரிச் வங்கிப் பெட்டகத்தின் திறப்பும் வந்தது தனிக்கதை.)

1984இல் கிழக்கு பெர்லினில் கிளாவுஸ் ஹெர்ம்ஸ்டார்ஃப் காஃப்காவின் அலுவல் எழுத்துக்களைத் தொகுத்து வெளியிட்டபோதுதான் இழைப்பு இயந்திர அறிக்கை முதலியவை பரந்த வாசிப்புக்கு வந்தன. 2008இல் ஆங்கிலத்திலும் ஒரு தொகுதி வந்தது. இவற்றை நாவலுக்குத் திறவுகோலாகக் கொள்ளும் புதிய மோகமும் உடன் வந்தது. அதுவும் உருவகத் தேட்டமே, பெயர்தான் வேறு. அலுவல் எழுத்துக்கள் தரும் உதவி வேறு வகையினது. விண்ணப்பதாரரின்பால் பரிவு கொண்ட, திறமை மிக்க அதிகாரி ஒருவர் இருந்தார் என்பதை அவை நிறுவுகின்றன. ஆகவே ‘கோட்டை’யில் அதிகாரிகள் கொடியவர்களாக இல்லாமல் களைத்தவர்களாக இருப்பது ஏன் என்று நமக்கு விளங்குகிறது.

ப்யுர்கெல் காட்சி ஒன்றே போதும். பின்னிரவில் கே தவறான கதவைத் திறந்து, படுக்கையிலிருக்கும் ப்யுர்கெல் என்னும் இணைப்புச் செயலரிடம் வந்துவிடுகிறான். அவர் உரையாடத் தொடங்குகிறார். விண்ணப்பதாரர் ஒருவர், தம் வழக்குக்குத் தொடர்பில்லாத ஒரு செயலரிடம், நள்ளிரவில், முன்னறிவிப்பின்றி வந்து நின்றுவிட்டால், அச்செயலரால் எதையும் மறுக்க இயலாது. கேட்டதைத் தந்தே ஆகவேண்டும். ஆனால் அப்படியொரு வாய்ப்பு நேர்வதே இல்லை என்று விரிவாக விளக்குகிறார். அந்த வாய்ப்பு நேர்ந்துகொண்டிருக்கிறது. அந்த விண்ணப்பதாரன் எதிரிலேயே அமர்ந்திருக்கிறான். ஆனால் அவன் தூங்கிவிட்டான். பல நாள் அலைச்சலில் உடல் ஓய்ந்துபோய், தனக்கான விடை சொல்லப்படும் நேரத்தில் தூங்கிவிட்டான். அருளும் இல்லை, அபத்தமும் இல்லை. உழைத்துக் களைத்த உடலின் எல்லை அது. இரவுப்பணி முடிந்து பேருந்தில் தன் நிறுத்தம் தாண்டி உறங்குபவரை நாம் நாள்தோறும் பார்க்கிறோம்.

கேயை வெறும் பாதிக்கப்பட்டவனாகக் காண்பதும் ஒரு குறைபாடே. அவன் பொய் சொல்கிறான்; ஃபிரீடாவை, அவள் க்ளாமின் காதலி என்பதற்காகவும் சேர்த்தே, விரும்புகிறான். உதவியாளர்களை அடிக்கிறான், குளிரில் வெளியே நிறுத்துகிறான். பின்னர் அவர்களுள் ஒருவனான ஜெரேமியாஸ் சொல்லும் செய்தி எதிர்பாராதது. எங்களுக்கு அளவைத் தொழில் தெரியாது என்று அவர்கள் தம் மேலதிகாரியிடம் சொன்னார்களாம். அது முக்கியமில்லை, அவன் எல்லாவற்றையும் மிகப் பாரமாக எடுத்துக்கொள்கிறான், சற்றே சிரிக்கவைத்துவிட்டு வாருங்கள் என்றாராம் அவர். கோட்டை காட்டிய ஒரே அன்பு இது. அதைப் பெற்றவன் அடித்துத் துரத்தினான். மேலிருப்பவனின் அடியைக் கீழிருப்பவனிடம் இறக்கி வைக்கும் அலுவலக இயல்பு நம் நாயகனிடமும் உண்டு என்பதைக் காஃப்கா மறைக்கவில்லை.

பர்னபாஸ் குடும்பத்தின் கதையை விரித்துரைக்க இடமில்லை. ஓர் அதிகாரியின் இழிவான அழைப்புக் கடிதத்தை மகள் அமாலியா கிழித்தெறிகிறாள். கோட்டை எவ்விதத் தண்டனையும் விதிக்கவில்லை. ஊரே விலகிக்கொள்கிறது. தந்தை மன்னிப்புக் கேட்கப் போகிறார். எதற்கு மன்னிப்பு, உம்மீது குற்றம் ஏதும் பதிவாகவில்லையே என்று விடை வருகிறது. குற்றத்தைப் பதிவு செய்யுமாறே அவர் மன்றாட வேண்டியிருக்கிறது. அதிகாரிகளின் வண்டிகள் செல்லும் சாலையோரத்தில் குளிரில் நாள்முழுதும் உட்கார்ந்து உடல் முடங்கிப் போகிறார். மகன் தூதனாகிறான், ஆனால் தான் உண்மையில் பணியில் சேர்க்கப்பட்டானா என்பது அவனுக்கே தெரியாது. சீருடை வரவில்லை. இந்தப் பகுதியை வாசித்த மாணவியர், கோட்டை எதைக் குறிக்கிறது என்று என்னிடம் கேட்பதில்லை. அமாலியா ஏன் பேசுவதே இல்லை என்று கேட்கிறார்கள்.

காஃப்கா சொல்லியதாகப் பிராட் தெரிவிக்கும் முடிவு ஒன்றுண்டு. கே களைத்துச் சாகும் தறுவாயில் கோட்டையிலிருந்து செய்தி வரும்: ஊரில் வாழ அவனுக்குச் சட்டப்படி உரிமை இல்லை, எனினும் சில துணைச் சூழல்களை எண்ணி, அங்கு வாழவும் வேலை செய்யவும் அனுமதிக்கப்படுகிறான். இதைக் காஃப்கா எழுதவில்லை. எழுதியவற்றின் கடைசிப் பக்கங்களில் கெர்ஷ்டெக்கர் என்னும் வண்டிக்காரன் கேயை இழுத்துப் போகிறான். தன் குதிரைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்கிறான். குதிரைகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதே என்கிறான் கே. தெரிய வேண்டியதில்லை என்று விடை வருகிறது. என் மூலம் அதிகாரியிடம் ஏதோ காரியம் சாதிக்கலாம் என்று நினைக்கிறாய் என்று கே கண்டுகொள்கிறான், வண்டிக்காரன் மறுக்கவில்லை. மங்கிய வெளிச்சத்தில் அவன் வீடு. கிழத்தாய் ஒரு புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறாள். நடுங்கும் கையை நீட்டிக் கேயைத் தன் அருகில் உட்கார்த்திக்கொள்கிறாள். சிரமப்பட்டுப் பேசுகிறாள், அவள் பேச்சைப் புரிந்துகொள்ளப் பெரும்பாடாக இருக்கிறது. அவள் சொன்னது என்ன என்று தொடங்கிய வாக்கியம் பாதியிலேயே நின்றிருக்கிறது.